லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறது, டிஸ்ப்ளேபோர்ட் ஏன் இல்லை?

புதுத்திரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பயன்படுத்திய மானிட்டர் ஒன்று வாங்கினேன். 27 இஞ்ச், 2560×1440, 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும். விற்றவர் தன்னுடைய டெஸ்க்டாப்பில் போட்டுக் காட்டியபோது 144 நன்றாக ஓடியது. வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் 60க்கு மேல் ஏறவே இல்லை.

மானிட்டரின் பின்பக்கம் ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் இருக்கின்றன, இரண்டுமே படம் உள்ளே வரும் போர்ட்கள். லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. சரி என்று ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் ஒன்று வாங்கி மாட்டினேன். 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டுகிறார்கள், அங்கே படம் வருகிறது. கேபிளில் குறை சொல்ல வழியில்லை.

144 ஓட வைப்பது எப்படி என்பது ஒரு கேள்வி. அதைவிட என்னை அரிப்பது இன்னொன்று. என் லேப்டாப்பின் இடது பக்கம் சார்ஜர், லேன் (நெட்வொர்க் கேபிள் மாட்டுவது), எச்டிஎம்ஐ, யூஎஸ்பி ஏ, டைப் சி. வலது பக்கம் யூஎஸ்பி ஏ, இன்னொரு டைப் சி, ஹெட்போன். இத்தனை வைத்தவர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? எந்த போர்ட் வேண்டும், எது வேண்டாம் என்று யார் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மின்மினி எழுதியது:

முதலில் கேபிள். கடைக்காரர் சொன்னதும் சரி, உங்களுக்கு வேலை செய்யாததும் சரி. அந்தக் கேபிள் ஒருவழிப்பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், திரை பக்கம் எச்டிஎம்ஐ என்றால்தான் ஓடும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளேபோர்ட், எதிரே எச்டிஎம்ஐ இருக்கிறது என்று தெரிந்தால் எச்டிஎம்ஐ மாதிரியான சிக்னலையே அனுப்பிவிடும். கேபிளுக்குள் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சின்னச் சுற்று மட்டும் போதும். எச்டிஎம்ஐக்கு அந்தத் திறமை கிடையாது. டிஸ்ப்ளேபோர்ட் தரவைப் பாக்கெட்டுகளாகக் கட்டி அனுப்புகிறது, எச்டிஎம்ஐ தொடர் ஓட்டமாக அனுப்புகிறது. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் மாற்றித் தரும் சிப் வேண்டும், அதற்குத் தனியாகக் கரண்ட்டும் வேண்டும். அப்படிப்பட்ட கன்வெர்ட்டரில் கூடுதலாக ஒரு யூஎஸ்பி வால் தொங்கும்.

அடுத்தது 60. அந்த மானிட்டரின் எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய பதிப்பாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2560×1440 புள்ளிகள், விநாடிக்கு 144 முறை, புள்ளிக்கு 24 பிட். படத்துக்கு மட்டுமே 12.7 ஜிகாபிட் வரும், வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் இடைவெளி நேரத்தையும் சேர்த்தால் 14ஐ நெருங்கும். எச்டிஎம்ஐ 1.4 கேபிளில் ஓடுவது 10.2, அதில் படத்துக்குக் கிடைப்பது 8.16. எப்படியும் இடம் போதாது.

உங்களுக்கு வழி டைப் சி. போர்ட்டின் பக்கத்தில் டி எழுத்துக்குள் பி இருப்பது போன்ற குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டைப் சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் வாங்கினால் போதும். காரணத்தைப் பற்றி இரவு வந்து எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

வடகரை எழுதியது:

காரணம் நீளமெல்லாம் இல்லை. போர்ட்டை எடுத்தால் கன்வெர்ட்டர் விற்கலாம். 2015இல் ஆப்பிள் 12 இஞ்ச் மேக்புக்கில் ஒரே ஒரு டைப் சி வைத்தது. சார்ஜ் போட்டால் பென் டிரைவ் போட முடியாது. 2016இல் மேக்புக் புரோவிலும் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, பழைய யூஎஸ்பி, காந்த சார்ஜர் எல்லாம் போயின. பார்த்த மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே போனார்கள். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர்தான் பையில் நாலு கன்வெர்ட்டர் தூக்கிக்கொண்டு அலைகிறார். எனக்கு இது உண்மையாகவே கோபம் வரும் விஷயம்.

ஒளிப்பெட்டி எழுதியது:

கோபம் நியாயமானது. நான் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்தம் முடிந்து வரவேற்புக்குள் அறுபது படம் தேர்ந்தெடுத்துத் திரையில் ஓட விட வேண்டும். கார்டு ரீடர் மண்டபத்தில் தொலைந்துபோன நாள் ஒன்று உண்டு. சமையல்கட்டு வரைக்கும் தேடினோம். அதற்குப் பிறகு எஸ்டி ஸ்லாட் இல்லாத லேப்டாப்பைத் தொட்டதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் வந்த 14, 16 இஞ்ச் மேக்புக் புரோவில் எச்டிஎம்ஐ, எஸ்டி ஸ்லாட், காந்த சார்ஜர் மூன்றும் திரும்பி வந்தன. கன்வெர்ட்டர் விற்பதுதான் நோக்கம் என்றால் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள் அல்லவா?

கரும்பலகை எழுதியது:

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் துறைக்கு லேப்டாப் வாங்கும்போது நாங்கள் எழுதிக் கொடுக்கும் தேவைப் பட்டியலில் பல வருடம் விஜிஏ என்ற பழைய திரை போர்ட் முதல் வரியாக இருந்தது. காரணம் கருத்தரங்க அறை. புரொஜெக்டர் கூரையில் தொங்குகிறது. அதிலிருந்து விஜிஏ கேபிள் பொய்க்கூரைக்குள் ஓடி, சுவருக்குள் இறங்கி, மேடையில் ஒரு தகட்டில் முடிகிறது. ஏறக்குறைய இருபத்தைந்து மீட்டர். அறை கட்டியபோது போட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் கூரையைப் பிரிக்க வேண்டும்.

விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அனலாக் சிக்னல் என்பதால் தூரம் போகப் போகப் படம் லேசாக மங்கும், எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும், ஆனாலும் படம் வரும். எச்டிஎம்ஐ அப்படி மங்காது. குறிப்பிட்ட தூரம் வரைக்கும் பளிச்சென்று இருக்கும், அதைத் தாண்டினால் மினுக்கும், அப்புறம் ஒன்றுமே வராது. சாதாரணச் செம்புக் கேபிளை இருபத்தைந்து மீட்டருக்கு இழுத்தால் வேலைக்கு ஆகாது. அதனால்தான் ஆசிரியர்கள் விஜிஏவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும், யார் கால் தடுக்கினாலும் கழன்று விழாது என்பதும் ஒரு காரணம்.

இப்போது விஜிஏ உள்ள லேப்டாப் கிடைப்பதில்லை. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டரை வைத்து ஓட்டுகிறோம். அரை மணி நேரத்தில் சூடாகிவிடுகிறது, சில லேப்டாப்களில் படம் வந்து வந்து போகிறது. அதற்கு வழி இருந்தால் மின்மினி சார் சொல்லுங்கள்.

மின்மினி எழுதியது:

மேடம், அதற்குக் காரணம் கரண்ட். எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து 5 வோல்ட் வரும், ஆனால் விதிப்படி லேப்டாப் கொடுத்தே ஆக வேண்டியது வெறும் 55 மில்லிஆம்பியர். கன்வெர்ட்டருக்குள் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப்புக்கு அது பெரும்பாலும் பற்றாது. தாராளமாகக் கொடுக்கும் லேப்டாப்பில் ஓடும், கறாராக நிறுத்தும் லேப்டாப்பில் மினுக்கும். பக்கவாட்டில் யூஎஸ்பி வழியாகத் தனிக் கரண்ட் எடுக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். டைப் சியிலிருந்து விஜிஏவுக்குப் போவது இன்னும் நல்லது, அங்கே கரண்ட்டுக்குப் பஞ்சமில்லை.

சரி, இப்போது புதுத்திரை கேட்ட கேள்வி. நான் சில வருடம் லேப்டாப் போர்டு டிசைனில் வேலை பார்த்தவன். போர்ட் பட்டியல் எப்படி முடிவாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது? எச்டிஎம்ஐயை 2002இல் உருவாக்கிய ஏழு கம்பெனிகளில் ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா ஆறும் டிவி, வீடியோ சாதன உலகத்தைச் சேர்ந்தவை, ஏழாவதான சிலிக்கான் இமேஜ் சிப் கம்பெனி. அதனால் வீட்டு டிவி, ஹோட்டல் அறை டிவி, புதிய புரொஜெக்டர் எல்லாவற்றிலும் எச்டிஎம்ஐ வந்துவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட் 2006இல் வந்தது. அதை வெளியிட்ட வீசா அமைப்பு கம்ப்யூட்டர் திரைத் துறையின் அமைப்பு. அது மானிட்டர்களில் நின்றது, வீட்டு டிவிக்குள் நுழையவில்லை. லேப்டாப் வாங்குகிற ஒருவர் வெளியே எதில் இணைப்பார்? டிவியில் அல்லது புரொஜெக்டரில். மானிட்டரில் இணைப்பவருக்கும் அந்த மானிட்டரில் எச்டிஎம்ஐ கூடவே இருக்கிறது. ஒரே ஒரு திரை போர்ட்டுக்குத்தான் இடம் என்றால் அது எச்டிஎம்ஐ ஆகிவிடுகிறது.

வடகரை, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எச்டிஎம்ஐ வைக்கக் கம்பெனி காசு கட்ட வேண்டும். வருடத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு கருவிக்கும் 15 சென்ட். லோகோ போட்டால் 5 சென்ட், நகல் தடுப்பும் சேர்த்தால் 4 சென்ட். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வீசா இப்படிக் கருவிக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. காசு மிச்சம் பிடிப்பது மட்டுமே குறி என்றால் எச்டிஎம்ஐதான் முதலில் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் எச்டிஎம்ஐ இல்லாத லேப்டாப்பைக் கடையில் ஆள் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டிஸ்ப்ளேபோர்ட் உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிறது. மூடியின் கீலுக்குள் புகுந்து உங்கள் சொந்தத் திரைக்குப் போகிறதே ஒரு மெல்லிய கேபிள், அதில் ஓடுவது டிஸ்ப்ளேபோர்ட்டின் உள்வடிவம், இடிபி என்பார்கள். முன்பு அந்த இடத்தில் எல்விடிஎஸ் என்ற பழைய முறை இருந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி சேர்ந்து, எல்விடிஎஸ்ஸையும் விஜிஏவையும் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தன. விஜிஏவுக்கு வைத்த கெடு 2015. கரும்பலகை மேடத்தின் தேவைப் பட்டியலில் முதல் வரி ஏன் செல்லாமல் போனது என்பதற்கு அதுதான் காரணம். சிப்புக்குள்ளேயே அனலாக் வெளியீடு நின்றுவிட்டால், லேப்டாப் கம்பெனி தனிச் சிப் போட்டுத்தான் விஜிஏ தர முடியும். ஜப்பானில் பானாசோனிக்கின் லெட்ஸ் நோட் லேப்டாப்கள் அதற்குப் பின்பும் பல வருடம் விஜிஏ வைத்துக்கொண்டிருந்தன. அங்குள்ள அலுவலகக் கூட்ட அறைகளில் பழைய புரொஜெக்டர்கள் இருந்தன, வாங்குபவர்கள் கேட்டார்கள், வைத்தார்கள்.

அடுத்து, டைப் சி. திரையை வெளியே அனுப்பும் டைப் சி போர்ட்டில் ஓடுவதும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்தான். பிராசஸரிலிருந்து திரைக்கு வெளியே வரும் பாதைகள் எண்ணிக்கையில் குறைவு, பலவற்றில் மூன்று அல்லது நான்கு. ஒன்று சொந்தத் திரைக்கு, ஒன்று எச்டிஎம்ஐக்கு, மிச்சம் டைப் சிக்கு. தனியாக ஒரு டிஸ்ப்ளேபோர்ட் வைத்தால் டைப் சியிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். அதே சிக்னலை டைப் சி தருகிறது, கூடவே சார்ஜும் டேட்டாவும் தருகிறது. டிசைன் செய்பவர் எதை விடுவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வடகரை எழுதியது:

எச்டிஎம்ஐ காசு விவரம் எனக்குத் தெரியாது, நன்றி. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைப் சி விஷயத்தில் இன்னும் ஒப்பவில்லை. என் தங்கைக்கு வாங்கிய லேப்டாப்பில் டைப் சி இருக்கிறது. அதில் சார்ஜும் ஏறவில்லை, திரையும் வரவில்லை. வெறும் பென் டிரைவ் மட்டும். பெட்டியில் டைப் சி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒரே வடிவத்தில் ஓட்டை போட்டு, உள்ளே வேறு வேறாக வைப்பது ஏமாற்று இல்லையா?

மின்மினி எழுதியது:

அதில் உங்கள் பக்கம்தான் நான். பெட்டியில் தெளிவாக எழுதாதது தவறு.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பழைய யூஎஸ்பி ஏ போர்ட் வைக்க ஒரு கனெக்டர், கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சிறு சிப், நிலைமின் தாக்காமல் காக்கும் டயோடுகள், அவ்வளவுதான். டேட்டா மட்டும் ஓடும் டைப் சிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. சார்ஜும் ஏற வேண்டுமென்றால் 5 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட் வரை எதிரே இருக்கும் சார்ஜரோடு பேசி முடிவு செய்யும் கன்ட்ரோலர் வேண்டும், எந்த வோல்ட் வந்தாலும் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் சுற்று வேண்டும். திரையும் வேண்டுமென்றால் டேட்டாவையும் திரையையும் மாற்றி மாற்றி விடும் ஸ்விட்ச் சிப். 40 ஜிகாபிட் வேகமும் வேண்டுமென்றால் சிக்னலைத் துடைத்துப் புதுப்பித்து அனுப்பும் சிப் ஒன்று போர்ட்டுக்குப் பக்கத்திலேயே. விலை குறைந்த லேப்டாப்பில் ஒவ்வொரு சிப்பாக வெட்டுவார்கள், ஓட்டையின் வடிவம் மட்டும் மாறாது.

யூஎஸ்பி தொடங்கிய காலத்திலும் இதே கணக்குத்தான். வதோதராவில் பிறந்த அஜய் பட் இன்டெல்லில் இருந்தபோது யூஎஸ்பியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1996இல் வந்த அந்த முதல் யூஎஸ்பியை ஏன் இரண்டு பக்கமும் மாட்டும்படி வைக்கவில்லை என்று அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கம்பியும் சுற்றும் இரட்டிப்பாகும், விலை ஏறும். விலை ஏறினால் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டிருக்காது. திருப்பி மாட்டும் வசதிக்கு 2014இல் டைப் சி வரும் வரை காத்திருந்தோம்.

நல்ல செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி லேப்டாப்கள் 2026 ஏப்ரல் 28 முதல் டைப் சியில் சார்ஜ் ஏறும்படி இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒரு போர்டு, நமக்கு ஒரு போர்டு என்று தனித்தனியாகச் செய்வது செலவு என்பதால் அதன் பலன் இங்கேயும் வரும் என்று நினைக்கிறேன்.

சர்வீஸ்மேசை எழுதியது:

தம்பிகளா, ரிப்பேர் மேசையிலிருந்து ஒரு வார்த்தை. டைப் சியில் சார்ஜ் ஏறுவது வசதிதான். ஆனால் என்னிடம் வரும் லேப்டாப்களில் உருளைப் பின் சார்ஜர் ஜாக் உடைந்தால், அது பெரும்பாலும் தனி ஒயரில் இருக்கும். கழற்றி வேறொன்று மாட்டி அரை மணியில் அனுப்பிவிடுவேன். டைப் சி ஜாக் மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதில் 24 பின். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் போட்டு, ஒயர் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, பின் போர்டிலிருந்து பெயர்ந்து வரும். சூடான காற்றால் உருக்கி எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் சிறு பிளாஸ்டிக் கனெக்டர் உருகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில கம்பெனிகள் டைப் சியைத் தனிச் சின்ன போர்டில் வைக்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியம்.

கேம் விளையாடும் பெரிய லேப்டாப்களில் இன்னும் உருளைப் பின் ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள். டைப் சி சார்ஜ் பல வருடம் 100 வாட்டில் நின்றது. அந்த லேப்டாப்களோ 180, 230 வாட் கேட்கும். 2021இல் 240 வாட் வரைக்கும் விதி வந்துவிட்டது, ஆனால் அந்த அளவுக்கு லேப்டாப்பும் சார்ஜரும் கைக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது.

சார்ஜ், டிஸ்ப்ளே இரண்டும் ஒரே டைப் சியில் ஓட்டுகிறவர்கள் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு வையுங்கள். அது போதும், ஜாக் பல வருடம் இருக்கும்.

கம்பிவடம் எழுதியது:

லேன் போர்ட் பற்றி யாருமே பேசவில்லையே. நான் நெட்வொர்க் வேலை. எனக்கு வைஃபை வேகம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள் உள்ள ரூமுக்குள் நுழைந்தால் அங்கே வைஃபை இருக்காது, சில இடங்களில் வைஃபையைத் தொடவே கூடாது. கேபிளை மாட்டினால் லைட் எரிகிறதா, ஐபி முகவரி வருகிறதா, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அலுவலகத்தில் நூறு லேப்டாப்புக்கு ஒரே நாளில் விண்டோஸ் ஏற்றும்போதும் லேன் வழியாகவே பூட் செய்து ஏற்றுவோம். அதனால்தான் கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்கும் மாடல்களில் லேன் இருக்கிறது, வீட்டுக்கு விற்கும் மெல்லிய மாடல்களில் இல்லை. வாங்குபவர் யார் என்பதைப் போர்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அது போனதற்கு முக்கியக் காரணம் உயரம். முழு லேன் ஜாக் வைக்க 12, 13 மில்லிமீட்டர் வேண்டும். 2008இல் வந்த மேக்புக் ஏர் தடித்த இடத்திலேயே 19.4, மெல்லிய ஓரத்தில் 4 மில்லிமீட்டர். அதில் ஒரே ஒரு யூஎஸ்பிதான், லேன் கிடையாது, தனியாக யூஎஸ்பி லேன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் கீழ்த்தாடை மாதிரி திறக்கும் ஜாக் கண்டுபிடித்து வைத்தார்கள். கேபிளை நுழைக்கும்போது கீழ் மூடி இறங்கி வழிவிடும். நல்ல யோசனை, ஆனால் அந்தத் தாடை உடைந்து தொங்கும் லேப்டாப்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய 9 பின் சீரியல் போர்ட்டுக்கும் இதே கதை. ஸ்விட்சை முதல்முறை அமைக்கும்போது கன்சோல் கேபிளில்தான் பேச வேண்டும். விநாடிக்கு 9600 பிட், 1960களின் ஆர்எஸ்232 விதி, இன்றும் அதே. லேப்டாப்பிலிருந்து அது போய் எத்தனையோ வருடம் ஆகிறது. யூஎஸ்பியில் மாட்டும் சீரியல் ஒயர் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். பானாசோனிக் டஃப்புக் போன்ற முரட்டு லேப்டாப்களில் மட்டும் இன்னும் சீரியல் கேட்டு வாங்கலாம். தொழிற்சாலை, ராணுவம், பழைய இயந்திரம், அங்கெல்லாம் மறுமுனை மாறவே இல்லை.

கரும்பலகை எழுதியது:

கம்பிவடம் சொன்ன மறுமுனைதான் எனக்கும் மனதில் நிற்கிறது. எங்கள் கூரைக்குள் இருக்கும் கேபிளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கணக்கில் எடுத்திருக்கிறார்கள், எங்களைப் போன்றவர்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறோம்.

புதுத்திரை எழுதியது:

மின்மினி அண்ணா, என் லேப்டாப்பில் இடது பக்க டைப் சியில் அந்த டி, பி குறி இருக்கிறது. வலது பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. தனிக் கேபிள் தேடியபோது கிடைக்கவில்லை, அலுவலக நண்பர் தன்னுடைய டைப் சி ஹப் கொடுத்தார். அதில் டிஸ்ப்ளேபோர்ட், மூன்று யூஎஸ்பி, கார்டு ரீடர் எல்லாம் இருக்கின்றன. இடது பக்கம் மாட்டினேன், படம் வந்துவிட்டது. ஆனால் 75க்கு மேல் ஏறவில்லை! வலது பக்கம் மாட்டினால் ஹப்பில் பென் டிரைவ் மட்டும் ஓடுகிறது, திரை வரவே இல்லை. மானிட்டரில் கோளாறா?

மின்மினி எழுதியது:

மானிட்டர் நன்றாக இருக்கிறது, விற்றுவிடாதீர்கள். டைப் சிக்குள் வேகமான பாதைகள் நான்கு ஜோடி உண்டு. நேரடிக் கேபிள் மாட்டினால் நான்கையும் திரைக்கே கொடுத்துவிடும். ஹப்பில் வேக யூஎஸ்பியும் இருப்பதால் இரண்டைத் திரைக்கும் இரண்டை யூஎஸ்பிக்கும் பிரித்துக்கொள்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் நான்கு பாதைக்கு 17.28 ஜிகாபிட், இரண்டு பாதைக்கு 8.64. உங்களுக்கு வேண்டியது 14. அதனால்தான் 75இல் நின்றது.

வலது பக்கம் வராததற்கும் காரணம் இருக்கிறது. பல லேப்டாப்களில் மதர்போர்டு ஒரு பக்கம் மட்டும்தான் விளிம்பு வரை வரும். மறுபக்கத்துக்குச் சின்னத் துணை போர்டு, நடுவில் பேட்டரியைத் தாண்டி ஒரு தட்டை ஒயர். அதிவேக சிக்னல் அந்த ஒயரில் தேய்ந்துவிடும். அதனால் பிராசஸருக்குப் பக்கத்தில் எச்டிஎம்ஐ, முழு டைப் சி. தொலைவான பக்கத்தில் ஹெட்போன், சாதா யூஎஸ்பி, கார்டு ஸ்லாட். உங்கள் பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

அந்த வலது பக்க யூஎஸ்பி ஏ நீல நிறமா கருப்பா? கருப்பு என்றால் அது பழைய, மெதுவான யூஎஸ்பி 2.0 ஆக இருக்கலாம். அதைக் குறைவாக எண்ணாதீர்கள், ஒயர்லெஸ் மவுஸின் ரிசீவரை அதில் போடுங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. மவுஸும் அதே அலைவரிசைதான். வேக போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓட, பக்கத்தில் மவுஸ் திக்கித் திக்கி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

நேரடிக் கேபிள் வாங்கும்போது இரண்டு முனையும் டைப் சி உள்ள ஃபோன் சார்ஜர் ஒயரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பலவற்றில் வேகப் பாதைக்கான கம்பியே இருக்காது.

ஒளிப்பெட்டி எழுதியது:

மவுஸ் விஷயம்! இரண்டு வருடமாக மவுஸை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பேக்கப் எடுக்கும்போது மட்டும் திக்கும். இன்று ரிசீவரை மறுபக்கம் மாற்றினேன், சரியாகிவிட்டது. மிக்க நன்றி.

வடகரை எழுதியது:

தங்கையின் லேப்டாப்பிலும் டைப் சி வலது பக்கம்தான் இருக்கிறது. ஒரு குறியும் இல்லை. வாங்குமுன் குறியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, கடையில் இருந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்து அம்மாவுக்கு ஒன்று வாங்கப் போகிறேன். முதலில் போர்ட் ஓரத்தைத்தான் பார்ப்பேன். மெல்லிய லேப்டாப் மீதான என் கோபம் அப்படியே இருக்கிறது மின்மினி, அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மின்மினி எழுதியது:

சொல்ல மாட்டேன். எனக்கும் அரை மில்லிமீட்டர் தடிமனுக்காக லேன் ஜாக்கை எடுக்கச் சொன்ன கூட்டங்கள் நினைவிருக்கின்றன.

அம்மாவுக்கு என்றால் எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி ஏ, சார்ஜ் ஏறும் டைப் சி ஒன்று. ஃபோன் சார்ஜரும் லேப்டாப் சார்ஜரும் ஒன்றாகிவிட்டால் அவருக்கு ஒரு தொல்லை குறையும். ஃபோன் சார்ஜர் 45 வாட்டுக்குக் கீழே என்றால் மெதுவாக ஏறும், சில லேப்டாப் ஏற்காமலும் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத்திரை எழுதியது:

கேபிள் இன்று மாலை வந்தது. டைப் சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட், இரண்டு மீட்டர். இடது பக்கம் மாட்டி, அமைப்புகளுக்குள் போய்ப் பட்டியலை இறக்கினேன். 60, 75, 100, 120, 144. கடைசியைத் தேர்ந்தெடுத்து மவுஸை நகர்த்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சர்வீஸ்மேசை அண்ணன் சொன்னபடி ஒயரைத் தளர்வாக விட்டு, மேசைக் காலில் ஒரு பட்டை போட்டுக் கட்டிவிட்டேன்.

முதலில் வாங்கிய அந்த எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை அலுவலக டெஸ்க்டாப்புக்கு எடுத்துப் போகிறேன். அங்கே டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறது, எதிரே டிவி. சரியான திசை.